அடங்காத படர்தாமரை பிறந்த கதை

கம்பம் பள்ளத்தாக்கில், கூடலூரில் தொடங்கும் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல் எங்கள் பழனிசெட்டிபட்டியில் வந்து முடிகிறது. ஜூன் மாதம் பெரியாற்றுத் தண்ணீரைத் திறந்துவிட்டால் நாற்றங்கால் வேலை ஆரம்பம். அடுத்த சில வாரங்களில் நடவு. வெயில் ஏறுமுன் வயலில் இறங்கும் பெண்கள் முழங்கால் சேற்றில் மதியம் வரை குனிந்தே நிற்பார்கள். மேற்கு மலையிலிருந்து வரும் சாரல் முதுகில் விழுந்துகொண்டிருக்கும். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகியிருப்பார்கள். ஈரத்தில் பாவாடை நாடா இறுகி, இடுப்பைச் சுற்றி ஒரு கோடு பதிந்துவிடும். படர்தாமரை வட்டம் முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான்.

சேற்றுப்புண்ணை இங்கே யாரும் நோயாக நினைப்பதில்லை. மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்து விரலிடுக்கில் வைத்துவிட்டு மறுநாளும் நடவுக்குப் போவார்கள். படர்தாமரையும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. வண்டுகொல்லி இலையை, அதாவது சீமை அகத்தியை, எலுமிச்சம் சாறு விட்டு அரைத்துப் பூசினார்கள். அரசு மருத்துவமனைக்குப் போனால் விட்ஃபீல்டு களிம்பு கொடுத்தார்கள். பென்சாயிக் அமிலம் 6 விழுக்காடும் சாலிசிலிக் அமிலம் 3 விழுக்காடும் கலந்த பழைய மருந்து அது. எரியும், தோல் உரியும், ஆனால் வட்டம் போய்விடும். பிறகு டெர்பினாஃபின் மாத்திரை வந்தது. இரண்டு வாரம் சாப்பிட்டால் தோல் தெளிந்துவிடும் என்று டாக்டர்கள் நம்பிக்கையோடு எழுதிக் கொடுத்தார்கள். தெளியவும் செய்தது.

இப்போது அப்படி இல்லை. மாதக்கணக்கில் போகாத படர்தாமரை, வருடக்கணக்கில் போய்ப் போய்த் திரும்பும் படர்தாமரை, அப்பனுக்கும் மகளுக்கும் மருமகளுக்கும் ஒரே நேரத்தில் இருக்கும் படர்தாமரை என்று எந்தத் தெருவில் கேட்டாலும் ஒரு கதை இருக்கிறது. வெளியே சொல்லத்தான் கூசுகிறார்கள். தொடையிடுக்கிலும் மார்புக்குக் கீழும் வருகிற நோயை யாரிடம் காட்டுவது?

ஒருநாள் மாலை கம்பம் சாலையில் ஒரு மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். வயல் வேலை முடித்து நேராக வந்த ஓர் அக்கா, முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, போன தடவை குடுத்தியே, அதே ட்யூபு குடுப்பா."

"போன வாரந்தானக்கா வாங்கிட்டுப் போனீங்க?"

"வீட்ல எல்லாருக்கும் வந்துருச்சுய்யா. போட்டா அன்னைக்கே அரிப்பு அடங்கிருது. விட்டா மறுநா கெளம்புது."

இரண்டு ட்யூப் வாங்கிக்கொண்டு போனார். டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று கடையில் யாரும் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை. அவர் போன பிறகு அதே ட்யூப் ஒன்றைக் கேட்டு வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. குளோபெட்டசால் 0.05 விழுக்காடு, நியோமைசின் 0.5 விழுக்காடு, மைக்கோனசோல் 2 விழுக்காடு. மூன்று மருந்து ஒரே ட்யூபில். நியோமைசின் பாக்டீரியாவைக் கொல்லும், மைக்கோனசோல் பூஞ்சையைத் தடுக்கும். முதலில் இருக்கிற குளோபெட்டசால் ஸ்டீராய்டு. அதுவும் தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகுப்பைச் சேர்ந்தது. குளோபெட்டசால், மைக்கோனசோல் என்று அடுத்தடுத்துப் படிக்கும்போது அண்ணன் தம்பி போலத்தான் ஒலிக்கிறது. செய்கிற வேலையோ நேரெதிர்.

இந்த ட்யூபை இங்கே வைத்துவிட்டு, கொஞ்சம் பூஞ்சையின் பக்கம் போகலாம்.

படர்தாமரையைப் பெரும்பாலும் உண்டாக்குவது டிரைக்கோஃபைட்டான் என்ற பூஞ்சைக் குடும்பம். தோலின் மேலடுக்கில் இருக்கும் கெராட்டின்தான் அதன் சாப்பாடு. நகமும் முடியும் ஆனதும் அதே கெராட்டினால்தான். ஒரு புள்ளியில் விழுந்த பூஞ்சை நாலாபக்கமும் மென்று கொண்டே நகரும். அது கடந்து போன நடுப்பகுதியில் உடம்பின் எதிர்ப்பு எழுந்து தோல் ஆறத் தொடங்கும். விளிம்பில் மட்டும் சண்டை நடக்கும். அதனால்தான் விளிம்பு சிவந்து தடித்திருக்கிறது, நடு வெளிறிக் கிடக்கிறது. நாம் வட்டம் என்று சொல்வது அந்தப் போர்முனையை.

பாக்டீரியாவுக்கு மருந்து கண்டுபிடிப்பதைவிடப் பூஞ்சைக்கு மருந்து கண்டுபிடிப்பது கடினம். உயிர்களின் குடும்ப மரத்தில் பூஞ்சை செடிகொடிகளைவிட நமக்கு நெருங்கிய சொந்தம். அதன் செல்லிலும் நம் செல்லைப் போலவே உட்கரு இருக்கிறது. பெரும்பாலான எந்திரங்களும் ஒன்றுதான். அதைக் கொல்லும் நஞ்சு பெரும்பாலும் நம்மையும் தீண்டும். கிரிசியோஃபல்வின் என்ற பொருளை லண்டனில் 1939-லேயே ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்துவிட்டார்கள். அது படர்தாமரைக்கு மாத்திரையாகக் கேட்கும் என்று தெரிய 1958 வரை ஆனது. பூஞ்சைக்கும் நமக்கும் உள்ள வேற்றுமைகளில் மருந்துக்காரர்கள் அதிகம் பிடித்துக்கொண்டது ஒன்றை. நம் செல்லின் உறையைக் கட்டுவது கொலஸ்ட்ரால், பூஞ்சையின் உறையைக் கட்டுவது எர்கோஸ்டெரால். வயல் வரப்புக்குக் களிமண் போல அதற்கு எர்கோஸ்டெரால். களிமண் கிடைக்காவிட்டால் வரப்பு நிற்காது.

வியன்னாவில் சான்டோஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1974-ல் நரம்பு மண்டலத்துக்கான மருந்து தேடிக்கொண்டிருந்தவர்கள் கையில் தற்செயலாக ஒரு பொருள் சிக்கியது. நரம்புக்கு உதவாத அது பூஞ்சையைக் கொன்றது. நாஃப்டிஃபின் என்று பெயரிட்டார்கள். அதைச் செதுக்கிச் செதுக்கி உருவாக்கியதுதான் டெர்பினாஃபின். 1991-ல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. ஸ்குவாலீன் என்ற எண்ணெய்ப் பொருளிலிருந்து படிப்படியாக எர்கோஸ்டெராலைச் செய்கிறது பூஞ்சை. அந்த வழியின் தொடக்கத்திலேயே ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற நொதி நிற்கிறது. டெர்பினாஃபின் அந்த நொதியின் வாய்க்குள் போய் அடைத்துக்கொள்ளும். எர்கோஸ்டெரால் உருவாகாமல் உறை பலவீனப்படும், செலவாகாத ஸ்குவாலீன் உள்ளே தேங்கி நஞ்சாகும். ஒரே அடியில் இரண்டு காயம். நம் உடம்பிலும் இதே நொதி உண்டு. ஆனால் பூஞ்சையின் நொதியில் அவ்வளவு பொருந்தும் டெர்பினாஃபின் நம்முடையதில் அப்படிப் பொருந்துவதில்லை. சிறிய அளவிலேயே கொல்லும், நம்மை அதிகம் தொந்தரவு செய்யாது. படர்தாமரைக்கு இதைவிட நல்ல மருந்து வந்ததில்லை என்றே சொல்வேன்.

அந்த நொதி நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு சரம். அதில் 397-ஆம் மணி ஃபீனைல்அலனின். பூஞ்சை இரண்டாகப் பெருகும்போது மரபணுவை எழுத்து எழுத்தாகப் படியெடுக்கிறது. கோடிக்கணக்கான படிகளில் எங்கோ ஓர் எழுத்து பிசகும். அந்த ஓர் எழுத்துப் பிசகில் 397-ஆம் இடத்தில் ஃபீனைல்அலனின் போய் லூசின் உட்கார்ந்துவிட்டால், டெர்பினாஃபின் வந்து பொருந்தும் இடம் கெட்டுவிடும். நொதி மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். 393-ஆம் இடத்தில் லூசின் போய் ஃபீனைல்அலனின் வந்தாலும் இதே கதி. எர்கோஸ்டெரால் உருவாகும், வரப்பு நிற்கும். மருந்து தோலில் இருக்கிறது, பூஞ்சையும் இருக்கிறது.

மருந்தைப் பார்த்துப் பூஞ்சை கற்றுக்கொண்டது என்று பலர் சொல்கிறார்கள். கற்றுக்கொள்வதில்லை. மருந்து வருவதற்கு முன்பே அந்தப் பிசகு எங்கோ நடந்திருக்கும். சால்வடார் லூரியாவும் மாக்ஸ் டெல்ப்ரூக்கும் 1943-ல் பாக்டீரியாவை வைத்துக் காட்டியது இதைத்தான். மருந்து செய்வது களையெடுப்பு. பிசகாத கோடிகளை அழித்து, பிசகிய ஒன்றுக்கு இடம் விடுகிறது. பாக்டீரியாக்களைப் போல எதிர்ப்பு மரபணுவை ஒரு வகை இன்னொரு வகைக்குக் கைமாற்றிக் கொடுக்கும் வழக்கமும் பூஞ்சைகளிடம் அரிது. ஒரு பூஞ்சையில் பிறந்த எதிர்ப்பு அதன் வம்சத்துக்குத்தான் போகும். அந்த வம்சம் பெருக இடம் வேண்டும், காலம் வேண்டும், வளர்த்துவிட ஆளும் வேண்டும்.

இந்தக் குழந்தை முதன்முதலில் கண்ணில் பட்டது அமெரிக்காவில். டெர்பினாஃபின் சாப்பிட்டும் நகச் சொத்தை போகாத ஒருவரிடமிருந்து அடுத்தடுத்து எடுத்த ஆறு மாதிரிகளில், மருந்துக்கு அசையாத டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் இருந்ததை 2003-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 393, 397 என்ற அந்த இரு இடங்களும் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் அடையாளம் காணப்பட்டுவிட்டன. ஆனாலும் அமெரிக்கா முழுக்கப் படர்தாமரை கிளம்பிவிடவில்லை. கால்நகத்தில் பிறந்தது பெருகிப் பரவ அங்கே வழியில்லை. பிறப்பது எங்கேயும் நடக்கும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். இந்தியாவில் நடந்தது வளர்ப்பு.

இப்போது அந்த ட்யூபை மறுபடி எடுப்போம். குளோபெட்டசால் என்ன செய்கிறது? விளிம்பில் நடக்கிற சண்டையை நிறுத்துகிறது. பூஞ்சையை எதிர்த்து நிற்கும் உடம்பின் படையைத்தான் அது வீட்டுக்கு அனுப்புகிறது. சிவப்பு தணியும், தடிப்பு அமுங்கும், அரிப்பு அன்றைக்கே அடங்கும். அந்த அக்கா சொன்னது முழு உண்மை. பூஞ்சை மட்டும் அடங்குவதில்லை. எதிர்க்க ஆளில்லாத தோலில் அது அகலமாகப் படரும். வட்டத்துக்குள் வட்டம் கிளம்பும். விளிம்பு மங்கி, இது படர்தாமரைதானா என்று டாக்டரே தடுமாறும்படி ஆகும். ட்யூபை நிறுத்தினால் அடக்கி வைத்த அரிப்பு இரட்டிப்பாகத் திரும்பும். மறுபடி ட்யூப். தொடையிலும் அக்குளிலும் தோல் மெலிந்து, பிள்ளை பெற்ற வயிற்றில் விழுவது போன்ற வரிகள் விழும். அவை அழிவதில்லை. கல்யாணமாகாத பெண்பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய மனக்காயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஸ்டீராய்டு நேராக மரபணு எழுத்தைப் பிசகச் செய்வதில்லை. அது செய்வது கூட்டத்தைப் பெருக்குவது. கூட்டம் பெருகினால் படியெடுப்பு பெருகும், பிசகு நேர வாய்ப்பு பெருகும். அந்தப் பெரிய கூட்டத்தின்மேல் அரைகுறையாகப் பூஞ்சை மருந்து விழுகிறது. ட்யூபில் இருக்கிற மருந்து சில நாள், கடையில் உதிரியாக வாங்கிய டெர்பினாஃபின் மாத்திரை நாலு நாள். அரிப்பு நின்றதும் காசு மிச்சம் என்று விட்டுவிடுகிறோம். களையெடுப்பு நடக்கிறது, பிசகியது மட்டும் நிற்கிறது. அது துண்டிலும் போர்வையிலும் ஏறி வீட்டில் அடுத்தவர் இடுப்புக்குப் போகிறது. உதிர்ந்த தோல் செதிலுக்குள் பூஞ்சையின் வித்து மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெக்கையும் வியர்வையும் இறுக்கமான உடையும் கூட்டுக் குடித்தனமும் உள்ள நாடு இது. இப்படிப்பட்ட நாற்றங்கால் அதற்கு வேறெங்கே கிடைக்கும்?

2010-களின் நடுவில் தோல் மருத்துவர்களின் கூட்டங்களில் இதே பேச்சாக இருந்தது. வழக்கமான மருந்து, வழக்கமான அளவு, நோய் போகவில்லை. முன்பு இந்தியாவில் அதிகம் கண்டது ரூப்ரம் வகை. இப்போது வேறொரு வகை மேலோங்கியிருந்தது. டெல்லியில் அனுராதா சவுத்ரியின் குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த வகையின் மாதிரிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று டெர்பினாஃபினுக்கு மசியவில்லை. சாதாரணப் பூஞ்சையை அடக்க ஒரு மில்லிலிட்டரில் மைக்ரோகிராமின் சிறு பின்னமே போதும். இவற்றுக்கு 4 மைக்ரோகிராம் தொடங்கி 32-க்கும் மேல் தேவைப்பட்டது. அதே ஆண்டு சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் இதே மரபணுப் பிசகுகளைக் காட்டியது. 2020-ல் நாட்டின் எட்டு இடங்களில் எடுத்த மாதிரிகளை ஆராய்ந்தபோது, அந்த வகையில் பத்துக்கு ஏழு எதிர்ப்புப் பெற்றிருந்தது. மரபணுத் தொகுதியைப் படித்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். எடுத்த பூஞ்சைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. ஒரு தாய் வயிற்று வம்சம் நாடு முழுக்கப் படர்ந்திருந்தது.

வாரணாசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 200 நோயாளிகளை ஐம்பது ஐம்பதாகப் பிரித்து நான்கு மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்த சோதனை ஒன்று உண்டு. எட்டு வாரம் முடிந்தபோது முழுக்கக் குணமானவர்கள் இட்ரகோனசோல் எடுத்தவர்களில் 66 விழுக்காடு, ஃப்ளூகோனசோலில் 42, டெர்பினாஃபினில் 28, கிரிசியோஃபல்வினில் 14. இரண்டு வாரத்தில் தோலைத் தெளிய வைத்த மருந்து எட்டு வாரத்தில் நாலில் ஒருவரைத்தான் கரையேற்றியது. இந்த எண்களைப் படித்த அன்று எனக்கு அந்த அக்காவின் முந்தானை முடிச்சு ஞாபகம் வந்தது. அவர் மருந்துக்கு அவிழ்க்கிற ஒவ்வொரு ரூபாயும் நடவுக் கூலி.

அந்த வம்சத்துக்குப் பெயர் சூட்டல் 2020-ல் ஜப்பானில் நடந்தது. அங்கே வாழ்ந்த ஓர் இந்தியரிடமும் ஒரு நேபாளியரிடமும் எடுத்த பூஞ்சையைக் கானோவும் கூட்டாளிகளும் தனி இனமாக விவரித்து, டிரைக்கோஃபைட்டான் இந்தோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். இந்தியப் படர்தாமரை என்று பொருள்படும் பெயர். புதிய நோய்களுக்கு ஊர்ப்பெயரோ நாட்டுப்பெயரோ வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சொல்லியிருந்தது. நம் நாட்டு மருத்துவர்கள் சிலர் வருத்தத்தோடு எதிர்த்தார்கள். அந்த வருத்தம் நியாயமானது. ஆனாலும் பெயரைவிட, அது ஒட்டிக்கொள்ளும்படி நாம் நடந்துகொண்டதுதான் எனக்கு வலிக்கிறது.

2023 மே மாதம் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு இந்தப் பூஞ்சை வந்திருப்பதை அறிவித்தது. ஒருவர் வங்கதேசம் போய்வந்தவர். இன்னொருவர், 28 வயதுக் கர்ப்பிணி, அண்மையில் வெளிநாடு எங்கேயும் போனதில்லை. அதாவது அந்த ஊருக்குள்ளேயே அது கைமாறத் தொடங்கியிருக்கலாம்.

எங்கள் பள்ளத்தாக்கு விவசாயிக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்று சில சமயம் தோன்றும். கம்பத்துப் பன்னீர் திராட்சைக்குச் சாம்பல் நோய் வந்தால் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கக் கூடாது, மாற்றி மாற்றி அடிக்க வேண்டும் என்பது பந்தலுக்குக் கீழே நிற்கிற எவருக்கும் தெரியும். "ஒரே மருந்தா அடிச்சா அடுத்த வருசம் கேக்காதுய்யா" என்பார்கள். பெனோமில் என்ற பூஞ்சைக்கொல்லி 1960-களின் கடைசியில் வந்தது. 1969-லேயே வெள்ளரி இனப் பயிர்களில் அதற்கு மசியாத சாம்பல் நோய் வந்துவிட்டது. நம் ஊர்க் கடையில் விற்கிற கார்பன்டாசிம் அதன் சொந்தக்காரன். வயலில் அரை நூற்றாண்டுக்கு முன்பே கற்ற பாடத்தை நம் சொந்தத் தோலுக்கு நாம் எடுத்து வரவில்லை.

இதில் இன்னொரு கவலையும் இருக்கிறது. டெர்பினாஃபினை யாரும் வயலில் அடிப்பதில்லை, எனவே இந்தப் படர்தாமரைக்கு வயலைக் குறை சொல்ல முடியாது. ஆனால் டெர்பினாஃபின் கைவிட்ட பிறகு மருத்துவர்கள் பிடித்துக்கொண்டிருக்கிற இட்ரகோனசோல் அசோல் குடும்பத்து மருந்து. நெல்லுக்கும் வாழைக்கும் திராட்சைக்கும் அடிக்கிற ஹெக்சகோனசோல், புரோப்பிகோனசோல், டெபுகோனசோல் எல்லாம் அதே குடும்பம். மண்ணிலும் காற்றிலும் வாழ்ந்து நுரையீரலைத் தாக்குகிற ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையை டெல்லி ஆய்வாளர்கள் இந்தியாவின் பல சூழல்களில் தேடி 2012-ல் எழுதினார்கள். அசோல் மருந்துகளுக்கு மசியாத வகை தேயிலைத் தோட்ட மண்ணிலும் இருந்தது, நெல்வயல் மண்ணிலும் இருந்தது, மருத்துவமனைத் தோட்டத்துப் பூந்தொட்டியிலும் இருந்தது. நோயாளி ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாமலேயே, மருந்துக்கு மசியாத பூஞ்சையை மூச்சோடு இழுத்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் வெளியிட்ட 19 ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில் ஆஸ்பர்ஜில்லஸ் முதல் வரிசையில் நிற்கிறது. படர்தாமரை அந்தப் பட்டியலில் இல்லை. உயிரைக் கொல்லாத நோய்க்கு இடம் கிடைப்பது கடினம்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணையில் சேர்த்தது. 2016-லும் 2018-லும் நூற்றுக்கணக்கான பொருந்தாத கலவை மருந்துகளுக்குத் தடை அறிவித்தது. இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் ஸ்டீராய்டு பூச்சின் தவறான பயன்பாட்டுக்கு எதிராகத் தனிக் குழுவே அமைத்து ஆண்டுக்கணக்கில் போராடியது. இவையெல்லாம் பெரிய காரியங்கள். ஆனால் சட்டம் கடை மேசைவரை வந்து சேர வேண்டும். நான் பார்த்த அந்த மாலையில் அது வந்து சேரவில்லை. கடைப் பையனை மட்டும் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. தோல் டாக்டரைப் பார்க்கக் கூலியை விட்டு அரை நாள் வரிசையில் நிற்க வேண்டும், கடை வீட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது.

இருந்தாலும் அந்த அரை நாளைக் கொடுக்கத்தான் வேண்டும். அங்கே செய்கிற சோதனை மிக எளியது. மழுங்கிய கத்தியால் வட்டத்தின் விளிம்பை மெல்லச் சுரண்டுவார்கள். வலிக்காது. கண்ணாடித் துண்டில் விழுந்த அந்தப் பொடிமேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டுச் சற்றுப் பொறுத்தால் தோல் செல்கள் கரைந்து தெளியும். நுண்ணோக்கியில் பார்த்தால், கிளை பிரிந்து ஓடும் நீண்ட இழைகள் பளிச்சென்று தெரியும். அதுதான் பூஞ்சை. எது என்று கண்ணால் கண்ட பிறகு கொடுக்கிற மருந்துக்கும் அரிப்புக்கு ஒரு ட்யூப் என்று கொடுக்கிற மருந்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஆகவே நடவுக்குப் போகிற அக்காமார்களுக்கும், மில்லில் ஷிப்டு பார்க்கிற தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் ஜன்னல் திட்டில் கிடக்கிற அந்தச் சுருட்டிய ட்யூபை எடுத்துப் பின்பக்கம் படியுங்கள். கண் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், மொமெட்டசோன், டெக்சாமெத்தசோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. படர்தாமரையில் அதைப் பூசாதீர்கள், பக்கத்து வீட்டுக்கும் கொடுத்து உதவாதீர்கள். தூக்கி எறிந்துவிடாமல் பையில் போட்டு, க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ பக்கத்தில் இருக்கும் தோல் டாக்டரிடமோ எடுத்துப் போய், இதைத்தான் இத்தனை நாள் போட்டேன் என்று கூசாமல் காட்டுங்கள். வீட்டில் அரிப்பு உள்ள எல்லாரும் ஒன்றாகப் போங்கள். ஒருவர் ஆறி ஒருவர் ஆறாவிட்டால் போர்வை வழியாக மறுபடி வந்துவிடும். துண்டையும் உள்ளாடையையும் தனியாகத் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் போடுங்கள். ஈரப் பாவாடையோடு வீடுவரை நடக்காமல், மாற்று உடை ஒன்றை வரப்பில் வைத்துக்கொள்ளுங்கள். வட்டம் மறைந்த பிறகும் டாக்டர் சொன்ன கடைசி நாள்வரை மருந்தை நிறுத்தாதீர்கள்.